தெராமியின் இரண்டு சாட்சிகள்

தங்கை தன் உடம்பை ஆற்றோடு இணைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள் என்கிற செய்தியைக் கோதை தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

மருத்துவமனை உணவுக்கடையில் காலைக் கூட்டம். வார்டு வேலை முடிந்து, தாதிச் சீருடையைக்கூட மாற்றாமல், ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே சுவரில் இருந்த திரையில் இரண்டு நாட்டு அமைச்சர்கள் கைகுலுக்கினார்கள். அவர்களுக்கு நடுவில், பச்சை பாஜு குரோங் உடுத்தி, கேமராவைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இளவேனி நின்றிருந்தாள்.

"ஏய், அது ஒன் தங்கச்சி இல்ல?" என்றாள் பக்கத்தில் இருந்த தாதி.

கோதை தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

இளவேனி வீடு திரும்பும்போது மாலையாகிவிட்டது. செருப்பைக் கழற்றுவதற்குள் கோதை பிடித்துக்கொண்டாள்.

"என்னாடி இது? டீவியில பாத்துதான் நான் தெரிஞ்சிக்கணுமா?"

"மொதல்லயே சொன்னா நீ விடமாட்டியேக்கா."

"இப்ப மட்டும் விட்ருவேனா?"

வேனி சிரித்தாள். அப்பாவும் அம்மாவும் பேருந்து விபத்தில் ஒன்றாகப் போனபோது அவள் பால்பல் விழாத குழந்தை. கோதை அப்போதுதான் தாதிப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். அன்றிலிருந்து தங்கைக்குச் சோறு ஊட்டியதும், பள்ளிக்கூடம் அனுப்பியதும், பல்கலைக்கழகத்தில் மீன்களைப் பற்றிப் படிக்க வைத்ததும் அவள்தான். மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று வந்த உறவுக்காரர்களிடம், இவள் படிப்பு முடியட்டும், இவளுக்கு வேலை கிடைக்கட்டும் என்று சொல்லிச் சொல்லியே வயதைக் கடத்தினாள். அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை.

"ஒக்காருக்கா, சொல்றேன். தெராமி ஆறு ரெண்டு நாட்டுக்கும் பொதுவா ஓடுது. அணை மேல அவங்ககிட்ட இருக்கு. வயலும் கழிமுகமும் கீழ நம்மகிட்ட இருக்கு. இத்தன வருசமா என்ன செஞ்சாங்க? தண்ணிய அளந்து பங்கு போட்டாங்க. ஒனக்கு இவ்ளோ, எனக்கு இவ்ளோ. தண்ணி வந்துச்சு. ஆறு வரல."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்லக்கா. மீன் எந்த மாசம் மேல ஏறணும், வண்டல் எப்ப எறங்கணும், கடல் உப்ப எது வரைக்கும் தள்ளி வைக்கணும், எதையுமே யாரும் கேக்கல. மின்சாரம் வேணுங்கறப்ப மதகத் தொறந்தாங்க, வேணாங்கறப்ப மூடுனாங்க. இப்ப போட்ட ஒப்பந்தம் வேற மாதிரி. தண்ணியப் பங்கு போடறது இல்ல. ஆத்த உசுரோட வச்சிக்கறதுதான் கணக்கு."

"அதுக்கு நீ எதுக்கு? கருவி இல்லையா ஒலகத்துல?"

"இருந்துச்சே. நாம வச்ச கருவிய அவங்க நம்பல, அவங்க வச்சத நாம நம்பல. கடைசியில பாத்தா ரெண்டு பக்கமுமே திருத்தித் திருத்திக் காட்டியிருக்கு. அதனால இப்ப சிப்பி. ஆறு முழுக்க உசுருள்ள சிப்பிங்க ஒடம்புல சில்லு பொருத்தி விட்டுருக்காங்க. தண்ணி கெட்டா சிப்பி தவிக்கும். அந்தத் தவிப்பு அப்படியே மனுச ஒடம்புக்கு வரும். மேல்பக்கத்துச் சிப்பிக்கு அங்க ஒருத்தர், கீழ்ப்பக்கத்துக்கு இங்க ஒருத்தர். சாட்சின்னு பேரு. ரெண்டு ஒடம்பும் ஒரே நேரத்துல அபாயக் கோட்டத் தாண்டிச்சின்னா அணை மதகு தானாத் தொறந்துக்கும். எந்த மந்திரியும் தடுக்க முடியாது."

"சிப்பிக்கு வலிச்சா ஒனக்கு வலிக்கணுமா?"

"சிப்பி செத்தா யாரும் மதகத் தொறக்கமாட்டாங்கக்கா. மனுசன் கத்துனா தொறப்பாங்க."

கோதை தங்கையின் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "பக்கத்துல நான் இருப்பேன். வேற தாதி யாரும் வரக்கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டா போ" என்றாள்.

"வலி மருந்து கூடாதுக்கா. அதான் முக்கியமான விதி. தரமாட்டேன்னு சொல்லு."

"சரி."

"வாயத் தொறந்து சொல்லு."

"தரமாட்டேன்டி."

முதல் வருடம் நன்றாகவே போனது. அதைச் சொல்லாமல் விடுவது வேனிக்குச் செய்கிற அநியாயம்.

கழிமுகத்துக்குப் பக்கத்தில், அலையாத்திக் காட்டை ஒட்டி, உயரமான கால்கள் மேல் நின்ற ஒரு பலகை வீட்டை அவர்களுக்குக் கொடுத்தார்கள். வேனியின் பிடரிக்குக் கீழே தோலுக்குள் ஒரு நரம்புவலையைப் பதித்தார்கள். வெளியே பார்த்தால் சின்னத் தழும்பு மட்டும் தெரியும். ஒப்பந்தத்தின் மருத்துவர் ஸைனால் அடிக்கடி வந்து இரத்தம் எடுத்துப் போவார்.

மலையில் மழை பெய்தால் இங்கே வேனிக்குத் தெரிந்துவிடும். சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வாள். "வருது" என்பாள். அவள் முகத்தில் ஒரு குளிர்ச்சி பரவும். மீன்கள் மேலே ஏறுகிற மாதத்தில் ஒரு நாள் குளியலறையிலிருந்து தலையில் துண்டோடு ஓடிவந்தாள்.

"அக்கா, ஏறுதுங்க! முதுகு பூராவும் யாரோ வெரலால எழுதற மாதிரி இருக்கு. சிப்பிக் குஞ்சுங்க மீன் செவுள்ல ஒட்டிக்கிட்டுத்தான் மேல போகும். எத்தன வருசமாச்சு தெரியுமா இப்படி ஏறி!"

கம்பம் என்று அவர்கள் சொல்கிற பக்கத்துக் கிராமத்து மீனவர்கள் அவளுக்கு இறாலும் நண்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இடையில் இரண்டு மூன்று முறை வலி வந்தது. காய்ச்சல் மாதிரி வந்து, மேலேயும் கீழேயும் அபாயக் கோட்டைத் தாண்டி, மதகு திறந்ததும் இறங்கிப்போனது. கோதை ஈரத்துணி போட்டுப் பார்த்துக்கொண்டாள். சமாளிக்க முடிந்த வலிதான்.

மேல்பக்கத்துச் சாட்சி காம்பான் என்கிற பெரியவர். வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகள் மாலியோடு அணைக்குக் கீழே குடியிருந்தார். இரண்டு சாட்சிகளும் வாரம் ஒருமுறை திரையில் பேசிக்கொள்வார்கள். இவள் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி இவளுக்குத் தெரியாது. நடுவில் இருக்கிற மொழிபெயர்ப்புக் கருவி பாடப்புத்தகத் தமிழில் பேசும்.

"'இன்று காலை என் இடது முழங்கால் அரித்தது. அது போகட்டும், உங்கள் பக்கம் படகுப் போட்டி நடந்ததா, தங்கையே?'" என்று கருவி கேட்கும்.

"நடந்துச்சு! நம்ம கம்பந்தான் ஜெயிச்சிச்சு!"

பெரியவர் பல்லில்லாத வாயால் சிரிப்பார். பின்னால் மகள் துணி மடித்துக்கொண்டிருப்பாள். ஒரே நோய் கண்ட இருவருக்குள் வருகிற ஒட்டுறவு அது. கோதைக்கே சில சமயம் பொறாமையாக இருந்தது. தங்கையின் முதுகில் மீன் ஏறுவது எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியாது, எங்கோ மலையில் இருக்கிற அந்தக் கிழவருக்குத் தெரியும்.

அடுத்த வருடம் மழை பொய்த்தது.

மலையில் அணையை மூடிவைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் பயிர் காய்ந்தது, அவர்களுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. ஆறு மெலிய மெலியக் கடல் உள்ளே ஏறியது. முதலில் வேனிக்கு நாக்கு வறண்டது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. அப்புறம் தோல் எரிந்தது, உப்பைத் தேய்த்த புண் மாதிரி. மூச்சு முட்டியது. வாரக் கணக்கில் படுத்த படுக்கையானாள்.

அவள் கோட்டைத் தாண்டியதும் பெரியவரோடு இருந்த பேச்சைத் துண்டித்துவிட்டார்கள். அது விதி. ஒருவருடைய நிலை மற்றவருக்குத் தெரிந்தால் நடிப்பதற்கு இடம் உண்டாகும் என்று, மூடிய இயந்திரம் ஒன்றுக்கு மட்டும் இரண்டு உடம்பும் தெரியும்படி வைத்திருந்தார்கள். இயந்திரம் பேசவில்லை. மதகு திறக்கவில்லை.

"மேல அந்த மனுசனுக்கு எப்படி இருக்கு டாக்டர்?" என்று கோதை கேட்டாள்.

"தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. உப்பு கீழயிருந்துதான் ஏறும். அதனால மொதல்ல வேனிக்கு வலிக்குது. மேல தண்ணி தேங்கிச் சூடானாத்தான் அவருக்கு வலிக்கும். கொஞ்சம் பொறுக்கணும்."

"அவருக்கு மருந்து கொடுத்துப் படுக்க வச்சிருக்காங்கனு டீவியில சொல்றாங்களே?"

ஸைனால் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "டீவியில நெறைய சொல்றாங்க" என்றார்.

தொலைக்காட்சியில் மட்டும் அல்ல, சந்தையிலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் அதுதான் பேச்சு. மேலே இருக்கிறவர்கள் ஏமாற்றுகிறார்கள், கிழவரை மயக்கத்தில் போட்டுவிட்டுத் தண்ணீரைப் பதுக்குகிறார்கள். வீட்டுக்கு முன்னால் கூட்டம் சேர்ந்தது. பிரார்த்தனை என்று ஆரம்பித்து, ஜன்னல் வழியே கேட்கிற முனகலைப் பதிவு செய்து பரப்புகிற அளவுக்கு வந்துவிட்டது. ஒரு மீனவரின் மனைவி படியேறி வந்து கோதையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்தான். நண்டு கொண்டுவந்து கொடுத்தவள்.

"இன்னும் கொஞ்சம் தாங்கிக்கச் சொல்லும்மா. அந்தப் புள்ள விட்டுட்டா எங்களுக்கு வேற யாரும் இல்ல" என்றாள்.

கோதை கையை உருவிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

வேனி ஒரு தடவைகூட மருந்து கேட்கவில்லை. கோதை உடம்பு துடைக்கும்போது, கண்ணைத் திறக்காமலே, "தராதக்கா" என்பாள். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எல்லாவற்றையும் கோதையால் தாங்க முடிந்தது. அந்த நண்பகலில் வேனிக்கு நினைவு தப்பியதைத்தான் தாங்க முடியவில்லை.

வெயில் பலகைச் சுவரைப் பிளக்கிற மாதிரி அடித்தது. வேனி கோதையைப் பார்த்தாள். யாரென்று தெரியாத பார்வை. உதட்டுத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது.

"அம்மா, தண்ணி தாம்மா. அக்காகிட்ட சொல்லாதம்மா, அவ பயந்துருவா" என்றாள்.

கோதை வேலை பார்த்த மருத்துவமனை பக்கத்தில்தான். அங்கே மருந்து அலமாரிச் சாவி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போனதும் வந்ததும் அவளுக்கு நினைவில் இல்லை. ஊசி ஏற்றியது மட்டும் நினைவில் இருந்தது. தங்கையின் புருவ முடிச்சு அவிழ்ந்தது. இறுக்கி மூடியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. முகம் குழந்தை முகமாக ஆயிற்று. கோதை அவள் பக்கத்தில் படுத்து, எத்தனையோ நாள் கழித்து, அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

எதற்காக அவள் துடிக்க வேண்டும்? மேலே அந்த மனிதன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறான். இரண்டு உடம்பும் வலித்தால்தான் மதகு திறக்கும் என்றால், இவள் ஒருத்தி வலித்து யாருக்கு என்ன பயன்? தூக்கத்துக்குள் விழுவதற்கு முன் கோதை நினைத்தது இதுதான். அது நியாயமாகவே பட்டது.

வலி திரும்பும்போது மறுபடி ஊசி போடுவதா வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். யோசிக்கத் தேவையே வரவில்லை. மருந்தின் வேகம் முழுக்க இறங்கிய பிறகும் வலி திரும்பவில்லை. காலையில் வேனி தானாக எழுந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். ஒரு டம்ளரோடு போதும் என்றாள். கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரித் தழும்பை அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்கலக்கா."

கோதைக்கு ஒரு நொடி உடம்பு முழுக்கச் சந்தோஷம் பாய்ந்தது. "தண்ணி வந்துருச்சாடி? தொறந்துட்டாங்களா?"

"தண்ணி வந்தா எனக்குத் தெரியும்." வேனி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "வெய்யில் தெரியல. உப்பு தெரியல. ஒண்ணுமே தெரியல. அக்கா, அங்க யாருமே இல்ல."

வெயில் ஏறியதும் நாற்றம் வந்தது.

கரையில் கம்பத்து ஆட்கள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு நின்றார்கள். சிப்பிகள் வாய் பிளந்து, வெளுத்த சதை காட்டி, சேறு முழுக்கக் கிடந்தன. அவற்றுக்கு மேலே வெள்ளை வயிறு தெரிய மீன்கள். யாரும் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. ஒரு கிழவர் மட்டும் மீன்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டே போனார், ஏதோ ஒன்றுக்காவது உயிர் இருக்கும் என்கிற மாதிரி.

மேல்பக்கத்துச் சாட்சி காம்பான் இதயம் நின்று இறந்துபோனார் என்ற செய்தி அன்று மாலை வந்தது. அதற்கப்புறம் மேலே இருந்தவர்கள் தாங்களாகவே மதகைத் திறந்தார்கள். தண்ணீர் வந்தது. வந்து, செத்ததையெல்லாம் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போனது.

சில நாள் கழித்து ஸைனால் வந்தார். வீட்டுக்குள் வராமல் கோதையைக் கீழே கூப்பிட்டார். வீட்டுக் கால்களுக்கு நடுவில், படகு கட்டும் இடத்தில் நின்று பேசினார்கள்.

"இயந்திரத்தத் தொறந்து ரெண்டு பேரோட நெலமையையும் பாத்தாச்சும்மா."

"அவருக்கு மருந்து கொடுத்திருந்தாங்கதான?"

"இல்ல." ஸைனால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு சொட்டு கொடுக்கல. மேல தண்ணி சூடாகி அவரும் கோட்டத் தாண்டிட்டாரு. அன்னிக்கு மத்தியானம். வேனி தூங்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல. மறுநாள் உசுரு போற வரைக்கும் அவரு கோட்டுக்கு மேலயேதான் இருந்தாரு. இயந்திரம் கீழ்ப்பக்கத்து ஒடம்புக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு."

கோதை வீட்டுக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேனியோட இரத்தத்துல மருந்து இருந்தத நான் பாத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா இந்த ஒப்பந்தத்தையே கிழிச்சிப் போட்ருவாங்க. திரும்பவும் தண்ணிய அளந்து பங்கு போட ஆரம்பிப்பாங்க. இயந்திரக் கோளாறுன்னு ரெண்டு அரசாங்கமும் அறிவிக்கப்போகுது. அவங்களுக்கும் அதுதான் வசதி." அவர் கோதையின் பக்கம் திரும்பினார். "ஒன்னையக் காப்பாத்தறதுக்காக இல்லம்மா. அத மட்டும் தெரிஞ்சிக்க."

கோதை மேலே போனாள். வேனி தலை வாரிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கோதை நிற்க, வேனி சீப்பை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எந்த மருந்துக்கா?"

கோதை பெயரைச் சொன்னாள்.

"நல்ல மருந்துதான்," என்றாள் வேனி. "கனவுகூட வரல."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டாள். கேட்டால் பதில் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் கோதை காலில் விழுந்திருப்பாள். விழுவதற்கு அவள் இடமே கொடுக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலையில் மாலி வந்தாள். திரையில் துணி மடித்துக்கொண்டிருந்த அதே பெண். நேரில் இன்னும் மெலிந்து தெரிந்தாள். பேருந்து மாறி மாறி, எல்லையில் காத்திருந்து வந்திருக்கிறாள். கழுத்தில் மொழிபெயர்ப்புக் கருவியைத் தொங்கவிட்டிருந்தாள். வேனி அவளைப் பாயில் உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தாள். கோதை தேநீர் போட அடுப்படிக்குப் போனாள்.

மாலி மெல்லிய குரலில் பேசினாள். கருவி ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னது.

"'என் தந்தை உங்களைப் பற்றித் தினமும் பேசுவார். உங்களைச் சிறிய மகள் என்றே சொல்வார்.'"

வேனி தலையசைத்தாள்.

"'கடைசி நாளில் அவர் மிகவும் துன்பப்பட்டார். என்னால் பார்க்க இயலவில்லை. நான் ஓர் ஊசி மருந்தை மறைத்துக் கொண்டுவந்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். கீழே அந்தப் பெண் இவ்வளவு நாட்களாகத் தாங்கிக்கொண்டிருக்கிறாள், நான் தூங்கிவிட்டால் அவள் தனியாகிவிடுவாள் என்றார்.'"

அடுப்படி வாசலில் தட்டோடு வந்த கோதை அப்படியே நின்றாள். வேனி திரும்பிப் பார்க்கவில்லை.

"'இயந்திரம் கெட்டுவிட்டது என்று அரசு சொல்கிறது. எனக்கு இயந்திரத்தைப் பற்றித் தெரியாது. நான் ஒன்று மட்டும் கேட்க வந்தேன். அந்த நேரத்தில் நீங்கள் அவரோடு இருந்தீர்களா?'"

வேனி அருகே நகர்ந்து உட்கார்ந்தாள். மாலியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருந்தேன்," என்றாள். "கடைசி வரைக்கும் இருந்தேன். அவர் போனதுகூட எனக்குத் தெரிஞ்சிச்சு."

கருவி அதை அந்தப் பெண்ணின் மொழியில் சொன்னது. மாலி குனிந்து வேனியின் கைகளில் நெற்றியை வைத்து அழுதாள். அந்த அழுகையை என்ன மொழி என்று புரிந்துகொள்ளப் பார்த்துவிட்டு, கருவி அமைதியாகிவிட்டது.

மாலி மூன்று வேளையும் அவர்களோடு சாப்பிட்டு, மறுநாள் கிளம்பினாள். அவளை வழியனுப்பிவிட்டு வந்த வேனி துணிகளை எடுத்துக் கட்டில் மேல் போட்டு அடுக்க ஆரம்பித்தாள்.

"எங்கடி?"

"மேல. அங்க சிப்பிங்க இன்னும் உசுரோட இருக்கு. காம்பான் அய்யா போனதுக்கப்புறம் யாரும் சாட்சியா வர மாட்டேங்கறாங்களாம். நான் வர்றேன்னு சொல்லிட்டேன். எந்த நாட்டு ஆளா இருந்தாலும் பரவாயில்லயாம்." ஒரு சட்டையை உதறி மடித்தாள். "விதியையும் மாத்திட்டாங்க. இனி ரெண்டு பேரு வேணாம். ஒரு ஒடம்பு வலிச்சாலே மதகு தொறந்துக்கும்."

"நானும் வர்றேன்."

"வேணாம்க்கா."

"தனியா எப்படிடி இருப்ப? தூக்கி உக்கார வைக்க, தண்ணி கொடுக்க..."

"மாலி இருக்கா."

கோதைக்கு அழுகை முட்டியது. "எம்மேல இன்னும் கோவந்தான ஒனக்கு?"

வேனி சட்டையை வைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த நாற்றம் வந்த நாளிலிருந்து இப்படி நெருங்கி உட்கார்ந்ததே இல்லை.

"கோவம் இல்லக்கா. நீ படுத்துக் கெடந்து, நான் தாதியா நின்னிருந்தா, நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். அதான் எனக்குப் பயமா இருக்கு." கோதையின் முந்தானை நுனியை எடுத்து அவள் கண்ணைத் துடைத்தாள். "நீ பக்கத்துல இருந்தா என்னால கத்த முடியாது. ஒனக்குக் கேக்குமேன்னு பல்லக் கடிச்சிக்கிட்டேதான் படுத்திருந்தேன். அங்க போயி நல்லாக் கத்தணும்க்கா. அதுக்குத்தான் போறேன்."

பேருந்து நிலையம் வரைக்கும்கூட வரவேண்டாம் என்றுவிட்டாள்.

கோதை மறுபடி மருத்துவமனை வேலைக்குப் போனாள். சாட்சிகள் வெளியாரோடு பேசக்கூடாது என்று புது விதி போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் ஆற்றில் புதுச் சிப்பிக் குஞ்சுகளை விட்டார்கள். கம்பத்து ஆட்கள் படகுகளுக்குச் சாயம் அடித்தார்கள். எல்லாம் மெதுவாக நடந்தது. தங்கை எப்படி இருக்கிறாள் என்று யாரிடமும் கேட்க முடியாத கோதைக்கு, ஒன்றும் தெரியாமல் இருப்பதே நல்ல செய்தியாக இருந்தது. ஆறு தெளிந்து அமைதியாக ஓடுகிறதா, அப்படியென்றால் மேலே அவளும் தூங்குகிறாள்.

அடுத்த கோடை வந்தது. ஆறு மெலிந்தது. வயல்காரர்கள் முகம் வாடியது. வார்டில் வந்து படுத்த மீனவர்கள் ஜன்னல் வழியே ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்கத் தண்ணீருக்காக வேண்டிக்கொண்டது. சாமி படத்துக்கு முன்னால் கைகூப்பிய கோதைக்கு, எதை வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை. விளக்கை ஏற்றிவிட்டுச் சும்மா நின்றாள்.

ஒரு நாள் மாலை வார்டுக்குள் ஆரவாரம். "தண்ணி வருதாம்! வா, வா!" என்று யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

பாலத்தில் நிற்க இடமில்லை. வளைவைத் தாண்டி, நுரையும் சருகுமாக, செம்மண் நிறத்தில் புதுத் தண்ணீர் வந்தது. காய்ந்த சேற்றை நனைத்து, கவிழ்த்துப் போட்டிருந்த படகுகளைத் தொட்டு மேலே ஏறியது. ஜனங்கள் கைதட்டினார்கள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சிறுபிள்ளைகள் அம்மாக்களின் தோளில் ஏறிக் கூச்சல் போட்டன. அன்றைக்குப் படியேறி வந்து கைபிடித்த மீனவரின் மனைவி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு துண்டுப் பலகாரத்தைக் கோதையின் வாயில் ஊட்டினாள்.

"எல்லாம் ஒன் தங்கச்சி புண்ணியம்!"

கோதை அதை மென்று விழுங்கினாள். பாலத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். படகுகள் மிதக்க ஆரம்பித்தன. மதகு இவ்வளவு திறந்திருக்கிறது என்றால் அங்கே இப்போது எவ்வளவு இருக்கும்? கோட்டைத் தொட்டதா, தாண்டியதா? மாலி அவளைத் தூக்கி உட்காரவைத்திருப்பாளா?

தண்ணீர் படித்துறையின் அடுத்த படியை மூடியது. கூட்டம் இன்னும் பலமாக ஆர்ப்பரித்தது.

"போதும்," என்றாள் கோதை. "போதும், போதும்."

அவள் வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் நின்றவர்களும் கைகூப்பினார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.